‘பேசாம வேற லேப்டாப் வாங்கிடு’

லினக்ஸ் தெரிந்த நாலு பேர் கூடியிருக்கிறார்கள். ஒரு பெண் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்து, திரை பக்கவாட்டில் படுத்துக்கிடக்கிறது, பேட்டரி எவ்வளவு மிச்சம் என்றும் காட்டவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிறார். மாடல் பெயரைப் பார்த்த மறுநொடி பதில் வந்துவிடுகிறது: ‘இதோட மல்லுக்கட்டாதீங்க. பேசாம வேற லேப்டாப் வாங்கிடுங்க.’

இந்தப் பதிலை எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் நல்லவர்கள். தாங்கள் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன், பதிலை ஏற்க மாட்டேன். கட்டற்ற மென்பொருள் எப்படி உருவாகிறது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதிலிருந்து பிறக்கும் பதில் அது.

எங்கே அது சரி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காகக் கடன் வாங்கி ஒரே ஒரு மடிக்கணினி எடுக்கப்போகும் குடும்பம் என்னிடம் கேட்டால், லினக்ஸ் சிக்கலில்லாமல் ஓடும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள் என்று நானும்தான் சொல்வேன். வாங்கப்போகிறவருக்கு அது தேவையான புத்தி. ஏற்கெனவே கையில் ஒரு கருவியை வைத்திருப்பவரிடம் அதையே சொன்னால், அந்தக் கருவி என்றைக்கும் சரியாகாமல் இருப்பதற்கு நாமே வழி செய்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில், பழைய கணினிகள் விற்கும் கடை ஒன்றில், பத்து அங்குலத் திரை கொண்ட குட்டி மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். மூடியை முழுக்கப் பின்னால் மடக்கினால் டேப்லெட்டாகிவிடும். உள்ளே இன்டெல் ஆட்டம் சிப். கடைக்காரர் நேர்மையான மனிதர். லினக்ஸ் போடப்போகிறேன் என்றதும், ‘சார், இதுல அது ஒழுங்கா வராது. படம் தலைகீழா நிக்கும். லினக்ஸுக்குத்தான்னா சொல்லுங்க, வேற எடுத்துக் காட்டறேன்’ என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

முதல் தடை, பென் டிரைவிலிருந்து கருவி எழவே மறுத்தது. 2014 வாக்கில் வந்த ‘பே டிரெயில்’ ரக ஆட்டம் கருவிகள் பலவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு: சிப் 64-பிட், அதை எழுப்பிவிடும் ஃபர்ம்வேர் மட்டும் 32-பிட். இந்தக் கலப்புக்கு லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் 2014இலேயே, 3.15ஆம் பதிப்பில், வழி செய்துவிட்டது. ஆனால் பல லினக்ஸ் வினியோகங்களின் நிறுவல் கோப்பில் 32-பிட் ஃபர்ம்வேர் தேடும் சின்னஞ்சிறு தொடக்கக் கோப்பு இருக்காது. அதைத் தேடியெடுத்துப் பென் டிரைவில் உரிய ஃபோல்டரில் போட்டேன். எழுந்துவிட்டது.

அடுத்து, கடைக்காரர் எச்சரித்த அதே சங்கதி. நிமிர்த்திப் பிடித்தால் படம் தலைகீழ். இடப்பக்கம் எழச் சாய்த்தால், வலப்பக்கம் எழுந்ததாக நினைத்துக்கொண்டது. காரணம் எளிது. எந்தப் பக்கம் பூமி என்று உணரும் முடுக்கமானிச் சிப்பை, போர்டில் இடம் வசதிப்பட்ட பக்கமாகத் திருப்பிப் பற்றவைத்திருக்கிறார்கள். எப்படித் திருப்பியிருக்கிறது என்ற தகவல் அதோடு வந்த விண்டோஸுக்குத் தெரியும். லினக்ஸுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்குத் தேவை ஒன்பது எண்கள். ஒரு நாள் சாயங்காலம் டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு, கருவியை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அது ‘நார்மல்’ என்கிறதா, ‘பாட்டம்-அப்’ என்கிறதா, ‘லெஃப்ட்-அப்’ என்கிறதா என்று தாளில் குறித்தேன். விடை இப்படி வந்தது: -1, 0, 0, 0, -1, 0, 0, 0, 1. முதல் இரண்டு அச்சுகளையும் திருப்பிப் போடு, மூன்றாவதைத் தொடாதே என்று பொருள். இதைக் கருவியின் அடையாள வரியோடு சேர்த்து, பல லினக்ஸ் வினியோகங்களில் இருக்கும் ‘சிஸ்டம்டி’ திட்டத்தின் சென்சார் பட்டியலுக்கு அனுப்பினேன். தயாரிப்பாளர் பெயர்கள் அகரவரிசையில் இருக்க வேண்டும், உங்கள் வரி இடம் மாறியிருக்கிறது என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள். மாற்றி அனுப்பினேன், சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பதிப்பிலிருந்து அந்த மாடலை வைத்திருக்கும் எவர் லினக்ஸ் போட்டாலும் படம் நேராக நிற்கும்.

இதற்கு நான் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. தேவைப்பட்டது கருவியும் ஒரு சாயங்காலமும்.

இங்கேதான் ‘வேற வாங்கிடு’ கட்சியோடு எனக்கு முதல் சண்டை. ஆதரவு என்பது கருவியோடு பிறந்து வரும் ஜாதகம் என்றும், எங்கோ இருக்கும் மேதைகள் மனம் வைத்தால்தான் அது மாறும் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் கர்னல் வல்லுநர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், தன் மேசையில் இல்லாத கருவியின் முடுக்கமானி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. அந்த அறிவு ஒருவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நாம் யாரிடம் ‘வேற வாங்கிடுங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோமோ, அவரிடம்.

இதற்கு என்னுடையதைவிட நல்ல சான்று கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 2017இல் ஜிபிடி பாக்கெட் என்றொரு மடிக்கணினி வந்தது. ஏழு அங்குலம், சட்டைப் பையில் அடங்கிவிடும் போலிருக்கும். அதில் பொருத்தியிருந்தது நெட்டுக்குத்தான திரை. அதைப் படுக்கவைத்துக் கூட்டுக்குள் மாட்டியிருந்தார்கள். ஆகவே லினக்ஸ் எழும்போது எழுத்தெல்லாம் சுவரேறும். ரெட் ஹேட்டில் பணியாற்றிய ஹான்ஸ் டி கோட் இதுபோன்ற திரைகளுக்காகக் கர்னலில் ஒரு பட்டியலை ஏற்படுத்தினார்: இன்ன கருவி என்றால் திரையை இந்தப் பக்கம் திருப்பு. ஆனால் இன்ன கருவி என்று அடையாளம் காண்பது எப்படி? தயாரிப்பாளர், கருவியை எழுப்பும் பயாஸில் மாடல் பெயரை எழுத வேண்டிய இடத்தில் ‘டிஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்று தொழிற்சாலை நிரப்புச் சொல்லையே விட்டுவைத்திருந்தார். பெயரில்லாத கருவி. கடைசியில் பயாஸ் வெளியான தேதிகளைக் கொண்டுதான் அதை அடையாளம் காண வேண்டியிருந்தது. அந்தக் கோப்பைத் திறந்தால் இன்றும் 2017இன் தேதிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தேதிக்கு ஒரு பயாஸ். உங்கள் கருவியில் இருக்கும் பயாஸின் தேதி அந்த வரிசையில் இல்லையென்றால் உங்கள் திரை திரும்பாது. அந்தத் தேதியைப் படித்துச் சொல்ல நீங்கள்தான் வர வேண்டும்.

நாலு பேர் பயன்படுத்தும் பொம்மைக்கு இவ்வளவு உழைப்பா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 2022இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அது ஓடுவது லினக்ஸில். அதன் திரையும் நெட்டுக்குத்துத் திரைதான், படுக்கவைத்து மாட்டியதுதான். அதன் பெயரும் அதே பட்டியலில் ஏறியது. அதைப் போன்ற அயானியோ, ஒன்எக்ஸ்பிளேயர் கருவிகளும் அங்கேயே வந்து சேர்ந்தன. பொம்மைக்குப் போட்ட பாதையில் ஒரு புதிய கருவி வகையே நடந்து வந்தது.

இது தற்செயலாக நடப்பதில்லை. விசித்திரமான கருவி, வழக்கமான கருவி என்று வன்பொருளில் நிரந்தரப் பிரிவு கிடையாது. இயங்குதளத்துக்குள் ‘எல்லாக் கருவியும் இப்படித்தான் இருக்கும்’ என்று சத்தமில்லாமல் எழுதிவைக்கப்பட்ட அனுமானங்களை முதலில் மோதிப் பார்ப்பது விசித்திரமான கருவிதான். ஆப்பிளின் எம்1 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாக வெட்டிக் கையாள்வது பொதுவான வழக்கம். ஆப்பிள் சிப்பில் லினக்ஸ் ஒழுங்காக ஓட 16 கிலோபைட் பக்கங்கள் வேண்டும். பக்கம் என்றால் 4 கிலோபைட்தான் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் அங்கே வரிசையாகக் கவிழ்ந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினார்கள். பிறகு 2023இல் ராஸ்பெரி பை 5 வந்தது. அதற்கான இயங்குதளமும் 16 கிலோபைட் பக்கங்களையே எடுத்துக்கொண்டது. ஆப்பிள் மடிக்கணினியில் லினக்ஸ் எதற்கு என்று கேட்கப்பட்ட வேலையின் பலன், பள்ளிப் பிள்ளைகள் கையிலிருக்கும் சின்ன போர்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எம்1 பற்றிப் பேச்செடுத்தாலே எதிர்த் தரப்பு உற்சாகமாகிவிடும். ‘பார்த்தீர்களா, அதற்கு எப்பேர்ப்பட்ட மூளைகள் தேவைப்பட்டன!’ உண்மைதான். ஆப்பிள் சிப்பில் லினக்ஸைக் கொண்டுவர ஹெக்டர் மார்ட்டின் தொடங்கிய அசாஹி லினக்ஸ் திட்டம் நம் காலத்தின் பெரும் பொறியியல் சாதனைகளில் ஒன்று என்று நான் தயங்காமல் சொல்வேன். (மெக்கின்டாஷ் என்ற ஆப்பிள் பழத்துக்கு ஜப்பானில் வழங்கும் பெயர்தான் அசாஹி.) எம்1 மடிக்கணினிகள் வெளிவந்தது 2020 நவம்பரில். ஆப்பிள் ஒரு தாள் ஆவணம் தரவில்லை, வேறு இயங்குதளத்தை ஏற்றும் கதவை மட்டும் பூட்டாமல் விட்டது. மேக்ஓஎஸ்ஸைத் தங்கள் சிறு நிரல் ஒன்றின் மேல் ஏற்றி ஓடவிட்டு, அது வன்பொருளோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டே பாடம் படித்தார்கள். 2022 மார்ச்சில் முதல் சோதனைப் பதிப்பு வந்தது. அந்த ஜூலையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கர்னலின் 5.19ஆம் பதிப்பை எம்2 மேக்புக் ஏரிலிருந்தே வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் அசாஹியின் கிராஃபிக்ஸ் டிரைவர் ஓப்பன்ஜிஎல் 4.6 தரநிலைக்குச் சான்று பெற்றது. ஆப்பிளின் சொந்த மேக்ஓஎஸ்ஸில் ஓப்பன்ஜிஎல் 4.1ஓடு நின்றுவிட்டது. செய்தவனே தராததை வெளியிலிருந்து வந்தவர்கள் தந்தார்கள்.

ஆனால் அதே திட்டத்தில் ஒலிபெருக்கிகளின் கதையையும் பாருங்கள். அந்த மடிக்கணினிகளில் ஒலிபெருக்கியின் சூட்டைக் கணித்து, அளவு மீறாமல் அடக்கி வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அது இல்லாமல் சத்தத்தைக் கூட்டினால் கம்பிச்சுருள் கருகிவிடும். அதனால் வெகுநாள் ஒலிபெருக்கியை அணைத்தே வைத்திருந்தார்கள். காவலுக்கு ஒரு தனி நிரல் எழுதி, மாடல் மாடலாக அளந்து சரிபார்த்த பிறகே திறந்துவிட்டார்கள். மாடல் மாடலாக என்பதைக் கவனியுங்கள். பதின்மூன்று அங்குலத்தின் அளவு பதினாறு அங்குலத்துக்குப் பொருந்தாது. மேதைகளின் வேலைக்குள்ளேயும் பாதி வேலை, கருவியை வைத்திருப்பவர் பொறுமையாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான்.

அந்தப் பொறுமை வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது ‘பைசெக்ட்’. நேற்றுவரை வேலை செய்த கீபோர்டு புதிய கர்னலில் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். இரண்டு பதிப்புகளுக்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருக்கும். எது கெடுத்தது? மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருள் நடுவிலிருக்கும் மாற்றத்தை எடுத்துக்கொடுக்கும். அந்தக் கர்னலைக் கட்டி, கருவியை அதில் எழுப்பி, கீபோர்டைத் தட்டிப்பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். பாதி கழிந்துவிடும். மறுபடி பாதி. பத்தாயிரம் மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்று பதினான்கு தடவைக்குள் பிடிபட்டுவிடும். சி மொழி தெரிய வேண்டியதில்லை. கண்டுபிடித்துத் தெரிவித்தால், அந்த மாற்றத்தை எழுதிய வல்லுநர் திருத்தம் அனுப்புவார். நீங்கள் சோதித்துச் சொன்னால் ‘டெஸ்டட்-பை’ என்று உங்கள் பெயர் அந்தத் திருத்தத்தின் கீழே ஏறி, கர்னலின் வரலாற்றில் நிலைத்துவிடும். எழுதியவர் பெயரும் சோதித்தவர் பெயரும் அங்கே ஒரே குறிப்பில் நிற்கின்றன. மரியாதையில் வித்தியாசம் பார்க்காத அந்த வழக்கத்தை நான் மிகவும் நேசிக்கிறேன்.

‘எல்லாம் சரியாகிற நேரத்தில் கருவி பழசாகியிருக்கும்’ என்பது அடுத்த வாதம். யாருக்குப் பழசு? புத்தம் புதிதாக வாங்கியவருக்கு. அவர் மூன்று வருடத்தில் மாற்றிக்கொள்வார். அவர் விற்றது ரிச்சி தெருவுக்கு வரும், அங்கிருந்து ஒரு மாணவியிடமோ ஒரு டியூஷன் ஆசிரியரிடமோ போகும், பிறகு அவர் தம்பிக்குப் போகும். நம் ஊரில் மடிக்கணினியின் ஆயுளில் பெரும்பகுதி இரண்டாவது, மூன்றாவது கைகளில்தான் கழிகிறது. முதல் சொந்தக்காரருக்குத் தாமதமாக வந்த ஆதரவு இரண்டாவது சொந்தக்காரருக்குச் சரியான நேரத்தில் வந்து நிற்கிறது. அவருக்குத்தான் அது அதிகம் தேவையும்கூட. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்ன தலைமுறைக்குப் பிந்திய சிப் வேண்டும் என்கிறது. என் ஆட்டம் மடிக்கணினி போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டு நன்றாக இருக்கிறது, தமிழில் தட்டச்சிடவும் படிக்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் தாராளமாகப் போதும். அதைக் குப்பைக்கு அனுப்பாமல் நிறுத்துவது அந்த ஒன்பது எண்கள் போன்ற அற்ப விஷயங்கள்தான். ‘வேற வாங்கிடு’ என்பவர், வேறு வாங்கும் காசு எதிரிலிருப்பவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசுகிறார். பல சமயம் இருப்பதில்லை.

எதிர்த் தரப்பின் வாதங்களில் என்னை உண்மையாகவே யோசிக்கவைப்பது ஒன்று உண்டு. கோடிகளில் புரளும் நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் சும்மா செய்துகொடுக்க வேண்டும்? ஆவணத்தை மூடிவைத்திருப்பவருக்கு நம் உழைப்பு பரிசா? கோபம் நியாயமானது. ஆவணங்களை வெளியிடச் சொல்லி அவர்களை நெருக்க வேண்டும், வெளியிடுபவர்களிடம்தான் அடுத்த கருவியை வாங்க வேண்டும். ஆனால் நிறுவனம் தன் பங்குக்கான பணத்தை விற்ற அன்றே எண்ணி வாங்கிக்கொண்டுவிட்டது. அந்தக் கருவி இன்று என்னுடையது. அதற்கு நான் செய்யும் வேலை எனக்கும், அதே மாடலை வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கும் சேர்கிறது. வாடகை வீட்டுச் சுவரை நான் பூசவில்லை, சொந்த வீட்டுச் சுவரைப் பூசுகிறேன். அந்தப் பூச்சும் கட்டற்ற உரிமத்தின் கீழ் இருப்பதால் எவரும் அதைப் பூட்டிவைத்துக்கொள்ள முடியாது.

சோர்வு பற்றியும் சொல்ல வேண்டும், மறைத்தால் நேர்மையாகாது. 2025 பிப்ரவரியில் ஹெக்டர் மார்ட்டின் அசாஹி திட்டத்தின் தலைமையிலிருந்து விலகினார். ரஸ்ட் மொழியைக் கர்னலில் சேர்ப்பது குறித்த சண்டையும், இது எப்போது வரும் அது எப்போது வரும் என்று பயனர்கள் ஓயாமல் நச்சரித்ததும் அவர் சொன்ன காரணங்களில் உண்டு. திட்டம் பல கைகளுக்கு மாறித் தொடர்கிறது. ‘இதற்குத்தான் வேண்டாமென்றோம்’ என்று சிலர் இதைச் சான்றாகக் காட்டினார்கள். எனக்கு இது நேர் எதிரான சான்று. கேட்பவர்கள் ஆயிரம் பேர், செய்பவர்கள் பத்துப் பேர் என்றிருந்தால் அந்தப் பத்துப் பேர் உடைந்துதான் போவார்கள். கேட்க வந்தவரைச் செய்பவராக்கும் ஒரே இடம் அவர் முதல் கேள்வி கேட்கும் அந்த நிமிடம். அந்த நிமிடத்தில்தான் நாம் அவரை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதுவும் எந்த நேரத்தில்? ஏஆர்எம் சிப் கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள் கடைக்குக் கடை வந்துவிட்ட நேரத்தில். வழக்கமான இன்டெல் மடிக்கணினி எழும்போது தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று தானே இயங்குதளத்திடம் சொல்லிவிடும். இந்தப் புதியவற்றில் லினக்ஸ் ஓட, கீபோர்டு எந்தக் கம்பியில், மூடியின் சென்சார் எந்தக் காலில், திரைக்கு மின்சாரம் எந்த வழியில் என்று மாடலுக்கு மாடல் ஒரு ‘டிவைஸ் ட்ரீ’ கோப்பு எழுத வேண்டும். சில நூறு வரிகள், சிலவற்றுக்கு ஆயிரத்துக்கு மேல். 2022இல் வந்த லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்13எஸ்ஸுக்கு அப்படி எழுதிய கோப்பு, அதன் பின் வந்த மாடல்களுக்கு எழுதுபவர்கள் பார்த்துப் பழகும் மாதிரிகளில் ஒன்று. இந்தக் கருவிகள் இன்னும் நாலைந்து வருடத்தில் ரிச்சி தெருவுக்கு வந்துவிடும். அதற்குள் எத்தனை மாடல்களுக்குக் கோப்பு இருக்கும் என்பது, இன்று அவற்றை வைத்திருப்பவர்களிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பக்கவாட்டில் படுத்த திரையோடு வந்த அந்தப் பெண்ணிடம் நான் சொல்வது இதுதான்: உட்காருங்க. முதல்ல உங்க கருவி தன் பேர் என்னன்னு சொல்லுதுன்னு பார்ப்போம். பயாஸ் தேதியையும் எழுதிக்கோங்க. இந்த மாடலுக்கு யாராவது ஏதாவது அனுப்பியிருக்காங்களான்னு தேடுவோம். யாரும் அனுப்பலைன்னா நீங்கதான் முதல் ஆள்.

என் குட்டி மடிக்கணினியிலும் ஒரு குறை பாக்கியிருக்கிறது. போன மாதம் கர்னலைப் புதுப்பித்ததிலிருந்து, மூடியை மூடித் தூங்கவைத்தால் காலையில் பேட்டரி காலியாகிக் கிடக்கிறது. முந்தைய பதிப்பில் அப்படி இல்லை. பெரிய கணினியில் கர்னலைக் கட்டி இதில் ஏற்றிப் பார்க்கிறேன். தூங்கவைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பதால் ஒரு இரவுக்கு ஒரு சோதனைதான் முடியும். ஒன்பது இரவுகள் முடிந்திருக்கின்றன: நாலு நல்லது, ஐந்து கெட்டது. பத்தாவது கர்னலை ஏற்றிவிட்டேன். பேட்டரி 94 சதவீதம் என்று தாளில் குறித்து, மூடியை மூடி வைத்திருக்கிறேன்.